ஸ்பானிய நாவும் ஆங்கிலச் சொல்லும்

ஒரு மொழியைக் கற்பது வேறு. அந்த மொழியில் பிழைப்பது வேறு. முன்னதற்கு நல்லாசிரியரும் நல்ல நூலும் போதும். பின்னதிலோ வயிற்றுப்பாடும் மானமும் ஒருங்கே பணயமாக வைக்கப்படுகின்றன. பள்ளிப்பிள்ளை இலக்கணத்தில் பிழைசெய்தால் மதிப்பெண் குறையும். சாரத்தின்மீது நிற்கும் தொழிலாளி ஒரு சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டால் உயிரே போய்விடக்கூடும். இவ்வுண்மையை நாம் ஏடுகளில் படித்து அறியவில்லை. ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள் சிலரோடு அமர்ந்து, அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த இரண்டாண்டுக் காலத்தில் அறிந்துகொண்டோம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்றொரு நகரம் உண்டு. பஸாயிக் ஆற்றின் பேரருவியை ஆதாரமாகக் கொண்டு எழுந்த ஆலைநகரம் அது. பட்டுத்தொழிலில் சிறந்து விளங்கியமையால் 'பட்டு நகரம்' என்றே பெயர்பெற்றது. 1913இல் அங்கு நிகழ்ந்த பட்டாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஒன்று. அன்று அவ்வாலைகளில் இத்தாலியரும் பிற ஐரோப்பியரும் உழைத்தனர். இன்றோ நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரு, டொமினிக்கன் குடியரசு, புவெர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ முதலிய நிலங்களை வேராகக் கொண்டவர்கள். நகரின் தென்பகுதியில் அரபு எழுத்துப் பலகை தாங்கிய கடைகளும் பள்ளிவாசல்களும் உள்ளன. மகன் வீட்டில் நாம் தங்கியிருந்தபோது, தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் முப்பதாண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பழக்கம் நம்மைச் சும்மா இருக்கவிடவில்லை. வாரம் இருமுறை மாலையில் நடந்த இலவச வகுப்பொன்றில் தொண்டராகச் சேர்ந்தோம்.

வகுப்பில் பதினான்கு பேர். மெக்சிகோவின் புவெப்ளா மாநிலத்துக் கொத்தனார் ஒருவர். ஹோண்டுராஸிலிருந்து வந்து தங்கும் விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்மணி ஒருவர். உணவகத்தில் பாத்திரம் கழுவும் இளைஞர்கள் இருவர். தையற்கூடத்துப் பெண்கள் சிலர். பெரு நாட்டில் கணக்கராக இருந்துவிட்டு, இங்கே சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் பெரியவர் ஒருவர். எல்லாரும் பகலெல்லாம் உழைத்துக் களைத்து, கண்ணில் உறக்கத்தைத் தாங்கியவண்ணம் வருவார்கள். நம்மை 'மாஎஸ்த்ரோ' என்று அழைப்பார்கள். ஆசிரியர் என்பது பொருள். அவ்வழைப்பில் இருந்த மரியாதை நம்மூர்ப் பெற்றோர் 'வாத்தியாரையா' என்று அழைப்பதற்கு எள்ளளவும் குறைந்ததன்று.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள ஒற்றுமை

முதல் வாரத்திலேயே ஒரு வியப்பு நமக்குக் காத்திருந்தது. 'ஸ்கூல்' என்னும் சொல்லை அவர்களில் ஒருவராலும் அப்படியே சொல்ல இயலவில்லை. 'எஸ்கூல்' என்றார்கள், 'ஸ்டூடன்ட்' என்பது 'எஸ்டூடன்ட்' ஆயிற்று. ஸ்பானிய மொழியில் ஸகர ஒலியோடு மற்றொரு மெய் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வாராது. முன்னே ஓர் எகரம் துணைக்கு வந்தே தீரும். பள்ளி அவர்களுக்கு 'எஸ்குவேலா', மாணவன் 'எஸ்துதியாந்தே'. நம் ஊர்ப் பெரியவர்கள் 'இஸ்கூல்' என்றும் 'இஸ்டேஷன்' என்றும் சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நாம் இகரத்தைத் துணைக்கு அழைத்தோம். அவர்கள் எகரத்தை அழைத்தார்கள். ஏழு கடல் தாண்டியும் நாவின் நியாயம் ஒன்றாகவே இருந்தது.

இலக்கணத்திலும் இவ்வொற்றுமை தொடர்ந்தது. 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்கிறோம் நாம். இதில் எழுவாய் காப்பி. விரும்புகிறவனோ நான்காம் வேற்றுமையில் அடக்கமாக ஒதுங்கி நிற்கிறான். ஸ்பானியரும் 'மே குஸ்தா எல் கஃபே' என்று இதே வாக்கிய அமைப்பில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் விரும்புகிறவன் எழுவாயாகி முன்னே வந்து, 'ஐ லைக் காஃபி' என்று முழங்குகிறான். முற்கால ஆங்கிலத்தில்கூட 'லைக்' என்னும் வினை 'எனக்கு உவப்பளிக்கிறது' என்னும் பொருளிலேயே வழங்கிற்று. பின்னரே அது திசைமாறியது. இதை நாம் தமிழ் எடுத்துக்காட்டோடு கரும்பலகையில் விளக்கியபோது, வகுப்பறை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. தங்கள் மொழியைப் போலவே நினைக்கிற மொழி மற்றொன்றும் உலகில் உண்டு என்பது அவர்களுக்குப் பெரும் ஆறுதலாயிற்று.

வயதைச் சொல்வதிலும் அவர்களுக்குத் தடுமாற்றம். ஸ்பானியத்தில் ஒருவன் முப்பது ஆண்டுகளை 'உடையவன்'. பசியையும் குளிரையும் அச்சத்தையும்கூட 'உடையவன்'. ஆதலால் 'எனக்கு முப்பது வயது' என்பதை ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் தர்ட்டி இயர்ஸ்' என்பார்கள். ஆங்கிலமோ மனிதனையே முப்பதாக்கிவிடுகிறது; பசியுற்றவனைப் பசியாளன் என்கிறது. எழுவாயைக் கூறாமலே வினையை முடிப்பது நமக்கும் அவர்களுக்கும் இயல்பு. 'பெய்கிறது' என்றால் மழை என்று நாம் அறிவோம். 'யுவேவே' என்ற ஒரே சொல்லால் அவர்களும் அறிவார்கள். ஆங்கிலம் மட்டும் 'இட்' என்னும் ஒரு பொம்மை எழுவாயை நிறுத்திவைக்காமல் மழையைப் பெய்யவிடுவதில்லை. 'அந்த இட் யார், மாஎஸ்த்ரோ?' என்று கொத்தனார் கேட்டார். விடையிறுக்க நமக்குச் சற்று நேரம் பிடித்தது.

மரியாதைச் சொற்களில் மற்றோர் ஒற்றுமை. நமக்கு 'நீ', 'நீங்கள்' இருப்பதுபோல் அவர்களுக்கு 'தூ', 'உஸ்தெத்' உண்டு. 'உஸ்தெத்' என்பதைக் கேட்டவுடன் நம் வாசகர்களுக்கு 'உஸ்தாத்' நினைவுக்கு வரும், நமக்கும் வந்தது. ஆயினும் அது அரபுச் சொல்லன்று. 'தங்கள் அருள்' என்று பொருள்படும் 'வுவெஸ்த்ரா மெர்ஸெத்' என்னும் பழந்தொடர் தேய்ந்து உருவானது. ஆங்கிலத்தில் முதலாளிக்கும் 'யூ', முதியவருக்கும் 'யூ', தெருவில் ஓடும் சிறுவனுக்கும் 'யூ'. விடுதிப் பெண்மணி தம் மேற்பார்வையாளரை 'யூ' என்று விளிக்கவே நெடுநாள் கூசினார். 'நீ என்று சொல்வதுபோல் இருக்கிறதே!' என்பார். மொழி மாறும்போது ஒழுக்கமும் மாறிவிடுமோ என்னும் அச்சம் அது.

அரபு விட்டுச்சென்ற சொற்கள்

அந்த 'உஸ்தெத்' நம்மை ஏமாற்றினாலும், வேறு பல சொற்கள் நம்மை ஏமாற்றவில்லை. ஸ்பெயின் நாட்டில் முஸ்லிம்களின் ஆட்சி 711ஆம் ஆண்டு தொடங்கி, 1492ஆம் ஆண்டு ஜனவரியில் கிரானடா வீழ்ந்ததுவரை ஏதேனும் ஒரு பகுதியில் நீடித்தது. அதன் நினைவைக் கோட்டைகளைக் காட்டிலும் உறுதியாகச் சொற்கள் காத்துவருகின்றன. சர்க்கரை அவர்களுக்கு 'அஸூக்கர்', எண்ணெய் 'அஸெய்தே'. நம் கொத்தனார் தம் தொழிலை 'அல்பன்யில்' என்று சொன்னார். அரபியில் கட்டுபவனைக் குறிக்கும் 'அல்பன்னா' என்பதே அதன் மூலம். கிடங்கு 'அல்மஸேன்', 'அல்மக்ஸன்' என்னும் அரபுச் சொல் அது. அதே அரபுச் சொல்தான் வேறு வழியாக ஆங்கிலத்திற்குச் சென்று 'மாகஸின்' ஆகி, இன்று திங்களிதழைக் குறிக்கிறது. நாம் கொடுத்த வீட்டுப்பாடத்தை அவர்கள் 'தரெயா' என்றார்கள். அதுவும் அரபு வழிவந்ததே. நல்லது ஒன்று நடக்கவேண்டும் என விரும்பும்போது அவர்கள் உதிர்க்கும் 'ஓஹலா' என்னும் சொல், 'அல்லாஹ் நாடினால்' என்னும் பொருளமைந்த அரபுத் தொடரின் எச்சம். சிலுவை அணிந்த அப்பெண்மணி 'ஓஹலா எனக்கு வேலை நிலைக்கட்டும்' என்றபோது, நம் செவியில் அது வேறொரு காலத்திலிருந்து வந்த குரலாக ஒலித்தது.

கிரானடா வீழ்ந்த அதே 1492இல்தான் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர் காஸ்திலிய மொழிக்கு, அதாவது ஸ்பானியத்திற்கு, இலக்கணநூல் இயற்றி அரசி இசபெல்லாவிடம் அளித்தார். பின்னர் 1567இல் பிலிப் மன்னரின் ஆணை ஒன்று கிரானடாவில் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள முஸ்லிம் வழித்தோன்றல்கள் மூன்றாண்டுகளுக்குள் காஸ்திலியம் கற்றாகவேண்டும். அதன்பின் அரபியில் பேசுவதும் எழுதுவதும் குற்றம் என்றது அவ்வாணை. அவர்களின் மரபினர் பலர் ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். 'அல்ஹமியாதோ' எனப்படும் அவ்வேடுகளின் ஒரு பெருந்தொகுதி, 1884இல் அல்மோனஸித் என்னும் ஊரில் ஒரு வீட்டின் பொய்த்தளத்தின் அடியிலிருந்து வெளிப்பட்டது. தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத் தமிழ் என்று போற்றிய மரபில் வந்த நமக்கு, இச்செய்தி அயலார் கதையாகத் தோன்றுமா?

இதை ஈண்டுக் குறிப்பிடுவது பழம்பெருமை பேசுவதற்காகவன்று. இன்று ஆங்கிலத்தின் முன் தலைகுனிந்து நிற்கும் அதே ஸ்பானியம், ஒரு காலத்தில் மற்றவர் தலைமீது ஏற்றப்பட்ட மொழியாகவும் இருந்தது. நம் வகுப்பிலேயே ஓர் இளைஞனுக்குத் தாய்மொழி ஸ்பானியம் அன்று. மெக்சிகோவின் ஆதிகுடி மொழிகளுள் ஒன்றான மிஷ்டெக். ஸ்பானியத்தைப் பள்ளியில் அடிபட்டுக் கற்றவன், இப்போது ஆங்கிலத்தைப் பசியோடு கற்கிறான். ஆட்சி கைமாறும்போது மொழிகளின் உயர்வு தாழ்வும் மாறுகின்றது. கற்பவனின் வியர்வை மட்டும் மாறுவதில்லை.

பணிக்களத்துச் சொற்கள்

இலக்கணத்தை ஒருவாறு கடந்து பணியிடச் சொற்களுக்கு வந்தோம். எளிய சொற்களே அவர்களுக்குக் கடினமாக இருந்தன. கடினமானவை எளிதாக இருந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மொழி வழியாக இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்தன. இலத்தீனின் மகளாகிய ஸ்பானியத்தைப் பேசுவோர்க்கு அவை உறவினர்போலத் தோற்றமளிக்கின்றன. தீயை அணைப்பதற்குரிய 'எக்ஸ்டிங்விஷ்', தள்ளிவைப்பதற்குரிய 'போஸ்ட்போன்', பொறுத்துக்கொள்வதற்குரிய 'டாலரேட்' ஆகியவற்றை நம் கணக்கர் முதல்முறை படித்தபோதே பொருள் சொல்லிவிட்டார். ஆனால் வேலைத்தலத்தில் அப்படி எவரும் பேசுவதில்லை. அணைப்பதற்கு 'புட் அவுட்'; தள்ளிவைப்பதற்கு 'புட் ஆஃப்'; பொறுப்பதற்கு 'புட் அப் வித்'. ஒரே 'புட்' எத்தனை வேடம் பூணுகிறது! செய்தித்தாளின் தலையங்கத்தைப் படிக்கவல்ல மனிதர், மேஸ்திரியின் இரண்டு சொல் கட்டளைக்கு முன் ஊமையாகி நின்றார்.

உறவினர்போல் வந்து ஏமாற்றும் சொற்களும் உண்டு. ஸ்பானியத்தில் 'கார்ப்பெத்தா' என்றால் கோப்புறை, கம்பளமன்று. 'ஃபாப்ரிக்கா' என்றால் ஆலை, துணியன்று. 'அசிஸ்தீர்' என்றால் கூட்டத்திற்கு வருகை தருதல், உதவுதலன்று. 'எக்ஸித்தோ' என்றால் வெற்றி. கதவின் மேலுள்ள 'எக்ஸிட்' என்னும் பலகையை வெற்றிக்குரிய வழியாகக் கருதியதாகப் பாத்திரம் கழுவும் இளைஞன் சொல்லிச் சிரித்தான். 'எம்பராஸாதா' என்றால் கருவுற்றவள், நாணமுற்றவள் அல்லள். இச்சொல்லை மாற்றி வழங்கிய பெண் பட்ட பாட்டை விரிக்கத் தேவையில்லை.

சிரித்து ஒதுக்கமுடியாத மயக்கங்களும் உள. ஸ்பானியத்தில் 'ஒன்ஸே' என்றால் பதினொன்று. அதனை எழுதும் எழுத்துகளோ, 'ஒருமுறை' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் அதே நான்கு எழுத்துகள். நாளொன்றுக்கு ஒருமுறை என்று மருந்துச் சீட்டில் அச்சிட்டிருப்பதை, பதினொரு முறை என ஒருவர் படித்துவிட்டால் விளைவு என்னாகும்? 1980இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். குடும்பத்தினர் அவன் 'இன்தொக்ஸிகாதோ' என்றனர். உண்டது ஒவ்வாமல் நோயுற்றான் என்பது அவர்கள் கருத்து. மருத்துவர்களோ போதைப்பொருள் மிகுதி என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் அவன் மூளையில் குருதி கசிந்துகொண்டிருந்தது. காலம் கடந்து அது தெரியவந்தபோது, கைகால்கள் அனைத்தும் செயலிழந்திருந்தன. ஒரு சொல்லுக்கு அக்குடும்பம் கொடுத்த விலை அது.

வகுப்பில் நாம் பெரிதும் அஞ்சியது மிகச் சிறிய ஒரு சொல்லைக் குறித்து. 'முடியும்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'கேன்'. 'முடியாது' என்பதற்கு 'கேன்ட்'. அமெரிக்கர் பேச்சில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு மிக நுண்ணியது. ஸ்பானிய நாவிற்கோ சொல்லின் இறுதியில் இரு மெய்கள் சேர்ந்து நிற்பது பழக்கமில்லை. கடைசி டகரம் உதிர்ந்துவிடும். கயிறின்றிக் கூரைமேல் ஏற முடியுமா என்று மேஸ்திரி கேட்கிறான். 'முடியாது' என்கிறார் கொத்தனார். மேஸ்திரியின் காதில் விழுவது 'முடியும்'! மறுத்தவர் இசைந்தவராகிவிடுகிறார். ஆதலால் 'கேன்ட்' என்பதை வகுப்பிலிருந்தே நாம் நீக்கினோம். 'கேன்னாட்' என்று முழுதாக, நிறுத்தி, தலையையும் அசைத்துச் சொல்லப் பழக்கினோம். இலக்கண வகுப்பில் உயிர் காக்கும் பாடம் ஒன்று உண்டென்றால் அது அதுவே.

வேலை போவதற்கும் மூன்று சொற்கள் உண்டு. தாமாக விலகினால் 'க்விட்'. குற்றம் கூறி நீக்கினால் 'ஃபயர்ட்'. வேலை குறைந்ததால் ஆட்குறைப்புச் செய்தால் 'லெய்ட் ஆஃப்'. இம்மூன்றும் ஒன்றே என எண்ணிப் படிவத்தில் எதையேனும் எழுதிவிட்டால், வேலையிழந்தோர்க்குக் கிடைக்கவேண்டிய உதவித்தொகையே தடைப்படக்கூடும். 'மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வது நமக்கும் ஸ்பானியருக்கும் இயல்பு. ஆங்கிலத்திற்கோ 'ஹாவ் பீன் வொர்க்கிங்' என்னும் கூட்டுவினை வேண்டும். அதை அறியாமல் இறந்தகாலத்தில் சொல்லிவிட்டால், இப்போது அங்கே வேலையில் இல்லை என்று பொருளாகிவிடும்.

அந்நாட்டில் 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து பண்ணைவேலைக்கு ஆள் வரவழைக்கும் திட்டம் ஒன்று நடந்தது. ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் அதில் எழுதப்பட்டன. அவ்வாறு வந்தோரைப் 'பிராஸெரோ' என்றனர். 'பிராஸோ' என்றால் கை. நாடு அவர்களிடம் கேட்டது கைகளை மட்டுமே, நாவை அன்று. 1986இல் இயற்றப்பட்ட சட்டம், உரிய ஆவணமின்றி வாழ்ந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு நிலைத்த குடியிருப்புரிமை பெற வழிவகுத்தபோது, அடிப்படை ஆங்கிலமும் வேண்டும் என விதித்தது. 2010 ஏப்ரல் 28 அன்று, பணிப்பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராயிருந்த டேவிட் மைக்கேல்ஸ் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டார். தொழிலாளிக்கு அளிக்கும் பாதுகாப்புப் பயிற்சி, அவருக்குப் புரியும் மொழியிலும் சொல்லிலும் இருந்தாகவேண்டும் என்பது அதன் சாரம். 2025 மார்ச் 1 அன்று ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என அதிபரின் ஆணை பிறந்தது. அதே ஆண்டு ஜூன் முதல், ஆங்கிலத்தில் உரையாட இயலாத லாரி ஓட்டுநரைச் சோதனையிடத்திலேயே பணியிலிருந்து நிறுத்தலாயினர். கைகளை மட்டும் கேட்ட காலம் போய், நாவையும் கேட்கும் காலம் வந்துவிட்டது.

புதைக்கப்பட்ட மொழி

டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஃபா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளுக்கென்று பிளாக்வெல் பள்ளி நடந்தது. 1954இல் ஆசிரியர்கள் அப்பிள்ளைகளைக் கொண்டு ஒரு சவ அடக்கம் நடத்தினார்கள். இனி ஸ்பானியம் பேசமாட்டேன் என்று துண்டுத்தாளில் எழுதச்செய்து, அத்தாள்களைப் பெட்டியிலிட்டுக் கொடிக்கம்பத்தின் அருகே குழிதோண்டிப் புதைத்தார்கள். தாயின் தாலாட்டு எம்மொழியில் இருந்ததோ அம்மொழிக்கு அப்பிள்ளைகளே மண் தள்ளினார்கள்! 1965இல் அப்பள்ளி மூடப்பட்டது. முதியோராகிவிட்ட அம்மாணவர்கள், பல்லாண்டுகள் கழித்து அவ்விடத்தில் கூடி, ஒரு ஸ்பானிய அகராதியை மண்ணிலிருந்து மீட்டெடுத்தார்கள். 2022இல் அப்பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் நிறைவேறியது.

புவெர்ட்டோ ரிக்கோ தீவின் கதையும் ஒருவகையில் இதுவே. 1898இல் அத்தீவு அமெரிக்கர் வசமானபின், வீட்டில் ஒரு சொல்லும் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கும் முயற்சி அரைநூற்றாண்டுக் காலம் பலவாறு நடந்தது. இறுதியில் 1949இல் ஸ்பானியமே பயிற்றுமொழியாக, ஆங்கிலம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படலாயிற்று. புரியாத மொழியில் பாடம் நடத்தினால் மொழியும் வாராது, பாடமும் ஏறாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் வகுப்பில் இந்நினைவுகளின் நிழல் விழாமல் இல்லை. தையற்கூடத்துத் தாய் ஒருவர் நம்மிடம் மெல்லச் சொன்னார்: 'என் மகன் எனக்காக மருத்துவரிடம் பேசுகிறான், பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை அவனே படிக்கிறான். தன்மீது ஆசிரியர் எழுதிய குறையை என்னிடம் மறைத்துவிட்டான். பத்து வயதுப் பிள்ளை எனக்குத் தாயாகிவிட்டான், மாஎஸ்த்ரோ. நான் அவனுக்குப் பிள்ளையாகிவிட்டேன்.' அவர் ஆங்கிலம் கற்க வந்தது சம்பள உயர்வுக்காக அன்று. தாய் என்னும் தம் இடத்தை மீட்பதற்காக. ஆயினும் அவரே, வீட்டில் மகனோடு ஸ்பானியத்தில்தான் பேசுவேன் என்று உறுதியாக இருந்தார். வேலைக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி. இரண்டும் தம் பிள்ளைக்கு வேண்டும் என்றார். மலேசியாவிலும் வளைகுடாவிலும் மேல்நாடுகளிலும் பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்கள் இந்தத் தாயின் முடிவை எண்ணிப்பார்க்கவேண்டும்.

விடுதிப் பெண்மணியைக் குறித்தும் சொல்லவேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரத்திற்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. அவருடைய சம்பளச் சீட்டிலோ எப்போதும் 40 மணி நேரமே இருந்தது. அவர் ஒரு சிறு குறிப்பேட்டில் தாம் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு மாதம் எழுதிவந்தார். வகுப்பில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கென்று மூன்று வாக்கியங்களை ஆக்கினோம்: 'சென்ற வாரம் நான் 46 மணி நேரம் வேலை செய்தேன். சீட்டில் 40 மணி இருக்கிறது. எஞ்சிய 6 மணி நேரத்திற்குக் கூலி வேண்டும்.' கெஞ்சலும் இல்லை, சினமும் இல்லை. கணக்கர் மேலாளராக நடித்து முகத்தைக் கடுமையாக்கிக்கொள்வார். அவர் நடுங்காமல் சொல்லிப் பழகுவார். இரண்டு வாரம் கழித்து, திருத்தப்பட்ட சீட்டைக் கொண்டுவந்து மேசைமீது விரித்துவைத்தார். பதினான்கு பேரும் எழுந்து நின்று அதைப் பார்த்தார்கள். தொகை பெரிதன்று. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களும் அன்றுமுதல் அவர்கள் அனைவருக்கும் சொந்தமாயின.

மொழியறிவை நாம் பெரும்பாலும் பட்டத்தாலும் உச்சரிப்பாலும் அளக்கிறோம். ஒருவர் ஆங்கிலம் பேசத் தடுமாறினால், அவருக்கு அறிவே குறைவு என்று முடிவுகட்டிவிடுகிறோம். நாடு விட்டுச் சென்று, பகலெல்லாம் உழைத்து, இரவில் பிள்ளைகளின் வயதொத்த பாடத்தைப் படிக்கும் ஒருவரின் தடுமாற்றத்துக்குப் பின்னே முழுமையான ஒரு மொழி, முழுமையான ஒரு வாழ்வு இருக்கிறது. இதை உணர்ந்தவர் நகைக்கமாட்டார். நம் தெருவில் தமிழ் தெரியாமல் கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வந்திருக்கும் வடபுலத்து இளைஞரிடமும் இதே பொறுமையை நாம் காட்டவேண்டாமா? அவர் தவறாகச் சொல்லும் சொல்லைத் திருத்துவதற்கு முன், அவர் சொல்லவந்தது என்ன என்று கேட்கும் காது நமக்கு வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானியம் பேசுவோர் இன்று 4 கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுள் பலர் ஆங்கிலத்தைத் தங்கள் நாவிற்கேற்ப வளைத்தும் வருகிறார்கள். கூரை 'ரூஃபோ' ஆகிறது. மதிய உணவு 'லோன்ச்சே' ஆகிறது. லாரி 'த்ரோக்கா' ஆகிறது. புலவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அரபியின் கிடங்கு ஸ்பானியத்தில் 'அல்மஸேன்' ஆனதும், ஆங்கிலத்தில் திங்களிதழ் ஆனதும் இவ்வாறு உழைப்பவர் வாயில் உருண்டுதானே? சொற்கள் எல்லைக்கோட்டைக் கடப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. அவற்றைச் சுமந்துசெல்லும் மனிதருக்கும் அவ்வளவு எளிதாக வழி திறக்கவேண்டும். ஓஹலா!